'ஐ ஆம் ஹேவிங் ஃபீவர்' சரியா, தப்பா? தமிழில் இல்லாத ஒரு வினைச்சொல்!

காலை எட்டு மணி. உடம்பு அனலாகக் கொதிக்கிறது. அலுவலக வாட்ஸ்அப் குரூப்பில் லீவு சொல்லியாக வேண்டும். 'ஐ ஆம் ஹேவிங் ஃபீவர்' என்று டைப் செய்து, அழித்து, 'ஐ ஹேவ் ஃபீவர்' என்று மாற்றி, எது சரி என்று குழம்பி, கடைசியில் 'ஃபீவர் சார், லீவ்' என்று அனுப்பிவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டவர்கள் உங்களில் எத்தனை பேர்?

குழப்பம் உங்களுக்கு மட்டுமல்ல. ஆங்கில மீடியத்தில் படித்தவர்களுக்கும் இந்த இடத்தில் விரல் தயங்கும். காரணம், இந்த வாரம் நாம் பார்க்கப்போகும் 'ஹேவ்' என்ற அந்தக் குட்டி வினைச்சொல்.

ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் வினைச்சொற்களில் 'பீ'க்கு அடுத்த இடம் ஹேவுக்குத்தான். உருவம் என்று பார்த்தால் நான்கே நான்கு: ஹேவ், ஹேஸ், ஹேட், ஹேவிங். (இந்தக் கட்டுரையில் வரும் 'ஹேட்' எல்லாம் ஹேவின் இறந்தகாலம். வெறுப்பைக் குறிக்கும் ஹேட் இல்லை!) மனப்பாடம் செய்ய இரண்டு நிமிஷம் போதும். ஆனாலும் வாழ்நாள் முழுக்க இடறுகிறது. ஏனென்றால், இதற்கு நேரான ஒரு வினைச்சொல் தமிழில் கிடையாது.

தம்பியை வைத்திருக்கிறீர்களா?

'ஐ ஹேவ் அ பிரதர்.' இதைத் தமிழில் சொல்லுங்கள் பார்க்கலாம். 'நான் ஒரு தம்பியை வைத்திருக்கிறேன்' என்றால் கேட்பவர் ஒரு மாதிரி பார்ப்பார். 'எனக்கு ஒரு தம்பி இருக்கான்' என்றுதான் யாரும் சொல்வோம்.

இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் எழுவாய் 'ஐ'. தம்பிக்குச் சொந்தக்காரர் போல முன்னால் நிற்கிறார். தமிழில் எழுவாய் தம்பி. அவன் இருக்கிறான், அவ்வளவுதான். அவன் யாருக்கு என்பதை 'எனக்கு' சொல்லிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த நான்காம் வேற்றுமை இங்கே வேலை செய்கிறது. ஆங்கிலம் ஹேவ் என்று சொல்லும் இடத்தில் தமிழ் 'இரு' என்கிறது. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும், இன்றைய பாடத்தில் பாதி முடிந்தது.

நேர் சொல் இல்லை என்பதால் தமிழுக்கு ஏதோ குறை என்று நினைக்க வேண்டாம். உண்மையில் இந்த விஷயத்தில் தமிழ்தான் நுணுக்கமானது. 'எனக்கு ஊர்ல நிலம் இருக்கு' என்போம். 'என்கிட்ட சில்லறை இருக்கு' என்போம். 'என்கிட்ட ரெண்டு தங்கச்சி இருக்காங்க' என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? கையில் இருப்பது வேறு, உறவாக இருப்பது வேறு. 'அந்த வீட்டுல நாலு ரூம் இருக்கு' என்பது இன்னொரு வகை. நிலம், சில்லறை, தங்கை, ரூம் எல்லாவற்றையும் ஆங்கிலம் ஹேவ் என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறது. இந்தியும் ரஷ்ய மொழியும்கூட நம்மைப் போலத்தான். 'என்னிடம் இருக்கிறது' என்று சொல்லிப் போய்விடுகின்றன.

சரி, அந்த 'ஹேவிங்' எங்கிருந்து வந்தது? தமிழில் 'அவன் சாப்பிடுறான்' என்றால் தினமும் சாப்பிடுவதாகவும் இருக்கலாம், இப்போது சாப்பிட்டுக்கொண்டிருப்பதாகவும் இருக்கலாம். இரண்டையும் கட்டாயமாகப் பிரித்துச் சொல்லும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஆங்கிலத்தில் உண்டு. 'எனக்குக் காய்ச்சல் இருக்கு' என்று மனசு சொல்லும்போது, அந்த 'இருக்கு' 'ஆம்' ஆக மாறி முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பின்னாலேயே ஹேவிங்கும் வந்துவிடுகிறது. இந்தி பேசுகிறவர்களும் இதே மாதிரி 'ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்' என்று சொல்வதைக் கேட்கலாம்.

விதி என்னவோ எளிமையானதுதான். ஹேவ் என்பதற்கு 'இருக்கு' என்று பொருள் வந்தால், 'இங்' போடக் கூடாது. ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ். ஐ ஹேவ் அ கார். ஐ ஹேவ் ஃபீவர். ஆக, லீவு மெசேஜில் இரண்டாவதாக டைப் செய்ததுதான் சரி.

ஹேவ் என்பதற்குச் சாப்பிடுவது, நடத்துவது, அனுபவிப்பது என்று ஏதாவது ஒரு செயல் பொருளாக வந்தால் 'இங்' தாராளமாகப் போடலாம். 'வி ஆர் ஹேவிங் லஞ்ச்' (சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்). 'தே ஆர் ஹேவிங் அ மீட்டிங்' (மீட்டிங் நடந்துகொண்டிருக்கிறது).

இந்த வித்தியாசத்தை மறக்கவே முடியாதபடி காட்டும் ஜோடி ஒன்று உண்டு. 'ஷி ஹேஸ் அ பேபி' என்றால் அவருக்குக் குழந்தை இருக்கிறது. 'ஷி இஸ் ஹேவிங் அ பேபி' என்றால் குழந்தை பிறக்கப்போகிறது, அல்லது பிரசவமே நடந்துகொண்டிருக்கிறது. வெளிநாட்டு மேனேஜரிடம் அக்காவின் மூன்று வயதுப் பையனைப் பற்றிச் சொல்வதாக நினைத்து 'மை சிஸ்டர் இஸ் ஹேவிங் அ பேபி' என்று சொன்னால், அவர் வாழ்த்துச் சொல்லிவிட்டு எப்போது பிரசவம் என்று கேட்பார்!

நம் ஊரில் 'ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்' என்றாலும் எல்லோருக்கும் புரியும். அதைக் கேட்டுச் சிரிப்பவர்கள்தான் திருந்த வேண்டியவர்கள். ஆனால் இன்டர்வியூ, வெளிநாட்டு மெயில், ஆங்கிலத் தேர்வு என்று வரும்போது திருத்திக்கொள்வது நல்லது. அங்கே மதிப்பெண்ணும் வேலையும் இருக்கிறதே.

போகிற போக்கில் இன்னொன்று. 'டஸ் ஹி ஹேஸ்', 'டிட் யூ ஹேட்' என்றெல்லாம் அடிக்கடி காதில் விழுகிறது. ஹேஸில் உள்ள 'ஸ்' சத்தத்தை டஸ் ஏற்கெனவே வாங்கிக்கொண்டுவிட்டது. இறந்தகாலத்தை டிட் வாங்கிக்கொண்டது. மிச்சம் இருப்பது வெறும் ஹேவ்தான். டஸ் ஹி ஹேவ், டிட் யூ ஹேவ். எல்.கே.ஜி. குழந்தைகள் பாடும் 'பா பா பிளாக் ஷீப்' பாட்டில் மட்டும் 'டூ' இல்லாமல், ஹேவையே முன்னால் போட்டு ஆட்டிடம் கம்பளி இருக்கிறதா என்று கேட்கிறார்களே என்றால், அது பழைய பிரிட்டிஷ் வழக்கம். இன்று கடையில் போய் அப்படிக் கேட்டால் புரியும், ஆனால் தாத்தா காலத்து ஆள் பேசுவது போல இருக்கும்.

வந்திருக்கிறேன்

இப்போது ஹேவின் அடுத்த வேஷம். 'ஐ ஹேவ் கம்', 'ஷி ஹேஸ் ஈட்டன்' என்பதில் எல்லாம் ஹேவுக்குத் தனியாகப் பொருள் இல்லை. இன்னொரு வினைக்குத் துணையாக வருகிறது. தமிழில் இதை எப்படிச் சொல்கிறோம்? வந்திருக்கிறேன். சாப்பிட்டிருக்கிறாள்.

கவனித்தீர்களா? இங்கேயும் 'இரு' வந்துவிட்டது! 'எனக்குத் தம்பி இருக்கான்' என்பதிலும் இரு, 'வந்திருக்கேன்' என்பதிலும் இரு. ஆங்கிலத்தில் இரண்டு இடத்திலும் ஹேவ். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு மொழிகள், ஆளுக்கொரு சொல்லை எடுத்து இரண்டு வேலைக்கும் வைத்துக்கொண்டிருக்கின்றன.

ஆங்கிலேயர்களே ஒரு காலத்தில் 'ஐ ஆம் கம்' என்று, நம் 'வந்திருக்கிறேன்' போலவே, 'பீ' வைத்துப் பேசினார்கள். போவது, வருவது போன்ற வினைகளுக்கு அதுதான் வழக்கம். 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் அப்படிப்பட்ட வாக்கியங்கள் நிறைய உண்டு. ஜெர்மன் மொழியிலும் பிரெஞ்சிலும் 'வந்திருக்கிறேன்' என்பதற்கு இன்றும் அந்த முறைதான். ஆங்கிலத்தில் மட்டும் ஹேவ் மெல்ல மெல்ல எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது.

இந்த ஹேவ் ஏன் முக்கியம்? ஒரு இன்டர்வியூவை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வருஷமாக ஒரே கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கும் பெண், இப்போதும் அங்கேதான் வேலையில் இருக்கிறார். 'அங்க மூணு வருஷமா வேலை பாக்குறேன்' என்பதை 'ஐ வொர்க்ட் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்று சொல்லிவிடுகிறார். எதிரில் இருப்பவர் காதில் விழுவது: மூன்று வருஷம் வேலை பார்த்தேன், இப்போது இல்லை. அடுத்த கேள்வி என்னவாக இருக்கும்? ஏன் விட்டீர்கள், இப்போது என்ன செய்கிறீர்கள்? விடாத வேலையை ஏன் விட்டேன் என்று விளக்க வேண்டிய நிலைமை! 'ஐ ஹேவ் வொர்க்ட் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்' அல்லது 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்றால் வேலை இன்னும் தொடர்கிறது என்பது விளங்கிவிடும். 'ஐ ஆம் வொர்க்கிங் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்பது நம் 'பாக்குறேன்' என்பதன் நேர் நகல். தமிழில் நிகழ்காலம் போதும். ஆங்கிலத்தில் போதாது.

இதைவிடப் பெரிய விஷயமும் உண்டு. மகளின் பிரசவத்துக்காக வெளிநாடு போயிருக்கும் அம்மா. திடீரென்று நெஞ்சு வலி. வீட்டில் யாரும் இல்லை, போனில் அவரே ஆங்கிலத்தில் பேச வேண்டும். 'காலையில இருந்து நெஞ்சு வலி' என்று சொல்ல நினைத்து 'ஐ ஹேட் செஸ்ட் பெயின்' என்று சொன்னால், வலி வந்தது, போய்விட்டது என்ற பொருள்தான் முதலில் தோன்றும். அவருக்கு இலக்கணம் எதுவும் தேவையில்லை. 'ஐ ஹேவ் செஸ்ட் பெயின். இட் ஸ்டார்ட்டட் திஸ் மார்னிங்.' இந்த இரண்டு சின்ன வாக்கியங்கள் போதும். இப்போது இருப்பதற்கு ஹேவ், தொடங்கியதற்கு ஸ்டார்ட்டட். வெளிநாட்டுக்குப் போகும் அப்பா அம்மாவுக்கு ஊறுகாய் பாட்டிலோடு இதையும் கொடுத்து அனுப்புங்கள்.

ராத்திரி மழை பெஞ்சிருக்கு

'வந்திருக்கிறேன்' என்றால் 'ஹேவ் கம்' என்று சொன்னோம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லா இடத்திலும் அப்படிப் போட முடியாது.

காலையில் கதவைத் திறந்தால் வாசல் ஈரம். 'ராத்திரி மழை பெஞ்சிருக்கு' என்கிறோம். நாம் மழையைப் பார்க்கவில்லை, ஈரத்தைப் பார்த்து ஊகிக்கிறோம். நேரில் பார்த்திருந்தால் 'ராத்திரி மழை பெஞ்சுது' என்போம். இந்த 'இருக்கு'வில் ஊகமும் ஒளிந்திருக்கிறது. இதை அப்படியே 'இட் ஹேஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்' என்று மாற்றினால் தப்பு. நேற்று, போன வாரம், ராத்திரி என்று முடிந்துபோன ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டால் ஹேவும் ஹேஸும் அந்த வாக்கியத்துக்குள் வராது. 'இட் ரெயின்ட் லாஸ்ட் நைட்' என்றே சொல்லலாம். அந்த ஊகத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமா? 'இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட் லாஸ்ட் நைட்.' பெஞ்சிருக்கு, பெஞ்சிருக்கணும் என்ற அர்த்தம் அச்சாக வந்து உட்கார்ந்துவிடும்.

'ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே' என்பதும் இதே கதைதான். யெஸ்டர்டே வந்தால் 'ஐ சா ஹிம்'.

அடுத்து 'ஐ ஹேட் கான் டு மதுரை லாஸ்ட் வீக்'. இதை நம் ஊரில் கேட்காத அலுவலகமே இருக்காது. 'போன வாரம் மதுரைக்குப் போயிருந்தேன்' என்பதுதான் இப்படி உடை மாற்றிக்கொண்டு வருகிறது. 'போயிருந்தேன்' என்றால் போய், இருந்து, திரும்பி வந்தும் ஆயிற்று. தமிழில் எவ்வளவு அழகான ஒரு சொல்! ஆனால் ஆங்கிலத்தில் 'ஹேட் கான்' என்று தொடங்கினால், கேட்பவர் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருப்பார். நான் போயிருந்தேன், அதற்கப்புறம் என்ன நடந்தது? முடிந்துபோன இரண்டு சம்பவங்களில் எது முதலில் நடந்தது என்று காட்டத்தான் ஹேட். 'தி டிரெயின் ஹேட் லெஃப்ட் வென் வி ரீச்ட் தி ஸ்டேஷன்.' நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ரயில் போய்விட்டிருந்தது. ஒரே ஒரு சம்பவம்தான் என்றால் 'ஐ வென்ட் டு மதுரை' போதும்.

'ஹேட் ஹேட்' என்று இரண்டு முறை வந்தால் அச்சுப்பிழை என்று நினைத்து ஒன்றை அழித்துவிடாதீர்கள். 'ஷி ஹேட் ஹேட் டின்னர் பிஃபோர் வி கேம்.' முதல் ஹேட் துணை, இரண்டாவது ஹேட் சாப்பாடு.

போனை ரிப்பேர் செய்தது யார்?

சாப்பாடு என்றதும் நினைவுக்கு வருகிறது. விருந்தாளியிடம் 'டேக் காஃபி' என்பதைவிட 'ஹேவ் சம் காஃபி' நல்ல உபசரிப்பு. காஃபி, இட்லி, கேக் எல்லாவற்றுக்கும் ஹேவ் பொருந்தும். மாத்திரைக்கு மட்டும் டேக் பழகிக்கொள்ளுங்கள். நமக்கு எல்லாமே 'சாப்பிடுறது'தான், அது வேறு விஷயம்.

'ஐ ரிப்பேர்ட் மை ஃபோன்' என்றால் நீங்களே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கழற்றிச் சரிசெய்தீர்கள் என்று பொருள். கடையில் கொடுத்துச் சரிசெய்தால் 'ஐ ஹேட் மை ஃபோன் ரிப்பேர்ட்'. ஹேட், பொருள், வினை என்று இந்த வரிசையில் வந்தால் வேறு ஒருவரை வைத்துச் செய்ததாக ஆகும். 'ஐ ஹேட் மை பிளவுஸ் ஸ்டிச்ட்' என்றால் டெய்லர் தைத்தது. 'ஐ ஹேட் ஸ்டிச்ட் மை பிளவுஸ்' என்று வரிசை மாறினால் நானே தைத்திருந்தேன். சொற்கள் அதேதான், டெய்லர் மட்டும் காணாமல் போய்விட்டார்.

ஆனால் 'ஐ ஹேட் மை ஃபோன் ஸ்டோலன்' என்றால் ஆள் வைத்துத் திருடச் சொன்னதாக அர்த்தமில்லை. என் போன் திருடுபோய்விட்டது என்ற நொந்த மனசின் குரல் அது. இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

வர வேண்டாம்!

'ஹேவ் டு' என்றால் 'வேண்டும்'. 'ஐ ஹேவ் டு கோ', போகணும். பேசும்போது இது 'ஹேஃப்டு' என்றுதான் காதில் விழும். சினிமாவில் கேட்டு அது என்ன புதுச் சொல் என்று தேட வேண்டாம். இது வரை சிக்கல் இல்லை. சிக்கல் 'வேண்டாம்' என்பதில்தான்.

மழை கொட்டுகிறது. 'நீங்க இன்னைக்கு வர வேண்டாம்' என்று வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் சொல்கிறோம். வரத் தேவையில்லை என்றா, வரவே கூடாது என்றா? தமிழில் குரலை வைத்து அவர் புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனி வாசல். 'யூ டோன்ட் ஹேவ் டு கம்' என்றால் வரத் தேவையில்லை, வந்தாலும் பரவாயில்லை. 'யூ மஸ்ட் நாட் கம்' என்றால் வரக் கூடாது, தடை. கல்யாண வரவேற்புக்கு வர முடியாத தூரத்தில் இருக்கும் மேலதிகாரிக்கு, சிரமப்பட வேண்டாம் என்ற நல்ல எண்ணத்தில் 'யூ மஸ்ட் நாட் கம்' என்று எழுதினால், அவர் முகம் எப்படி மாறும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதே குடும்பத்தில் இன்னொரு ஆபத்தான உறுப்பினர், 'ஹேட் பெட்டர்'. 'நீங்க சீக்கிரம் வந்தா நல்லது' என்பதை 'யூ ஹேட் பெட்டர் கம் எர்லி' என்று மாற்றத் தோன்றும். உருவத்தில் ஹேட், ஆனால் பேசுவது இனி நடக்க வேண்டியதைப் பற்றி. அதற்குள் 'இல்லாவிட்டால் நடப்பதே வேறு' என்ற தொனியும் இருக்கிறது. பிள்ளையை மிரட்டலாம், வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடாது. அங்கே 'இட் வுட் பி குட் இஃப் யூ குட் கம் எர்லி' என்று கொஞ்சம் நீட்டிச் சொன்னால்தான் மரியாதை.

கடைசியாக, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே தடுக்கி விழும் இடம். 'ஷுட் ஹேவ்' என்பதை அவர்கள் வேகமாகச் சொல்லும்போது 'ஷுடவ்' என்று ஆகிவிடும். கேட்கும்போது 'ஷுட் ஆஃப்' போலவே இருக்கும். அதனால் அவர்களில் பலர் எழுதும்போதும் ஹேவுக்குப் பதில் ஆஃப் போட்டுவிடுகிறார்கள். அங்கேயும் டீச்சர்கள் சிவப்பு மையால் சுழித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். 'ஐ ஷுட் ஹேவ் கால்ட்' என்பதை 'நான் போன் பண்ணியிருக்கணும்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு எழுதும் தமிழருக்கு அந்தப் பிழை வருவது கஷ்டம். 'பண்ணியிருக்கணும்' என்பதில் அந்த 'இரு' பளிச்சென்று தெரிகிறதே!

அடுத்த வாரம்: 'கெட்'.